மீன் தின்றது பறவை. பந்தி விரித்தது யார்?



கொக்கைப் பிடிக்கச் சுலபமான வழி ஒன்று உண்டென்று நம் பெரியவர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள். அதன் தலையில் வெண்ணெய் வைத்துவிட வேண்டுமாம். வெயிலில் வெண்ணெய் உருகிக் கண்ணை மறைக்குமாம். அப்போது போய் அமுக்கிவிடலாமாம். வெண்ணெய் வைக்கிற அளவுக்குக் கிட்டே போனவன் அப்போதே பிடித்திருக்கலாமே என்று சின்னப் பிள்ளைகூடக் கேட்கும். நாமும் சிரித்துவிட்டுப் போய்விடுவோம்.

ஆனால் மீன் தின்னும் பறவையை என்ன செய்வது என்று பல ஆண்டுகள் மண்டையை உடைத்துக்கொண்டு, கோடிக்கணக்கில் பணத்தைச் செலவழித்து, நீதிமன்றப் படியும் ஏறி இறங்கியிருக்கிறது ஒரு பெரிய நாடு. அது அமெரிக்கா. கதை நடந்த இடம் கொலம்பியா என்னும் ஆறு. தொலைதூரத்து ஆறுதான். என்றாலும் அங்கே நடந்ததைக் கேட்டால் நம் வீட்டு மீன் குளம் வரைக்கும் உதவுகிற பாடம் ஒன்று கிடைக்கும்.

பிறந்த வீட்டுக்குத் திரும்பும் மீன்

கொலம்பியா ஆறு கனடாவில் பிறந்து, அமெரிக்காவின் வாஷிங்டன், ஓரிகன் மாநிலங்களுக்கு நடுவே ஓடி, பசிபிக் கடலில் விழுகிறது. நீளம் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். இந்த ஆற்றின் செல்வம் சால்மன் மீன். இப்போது நம் ஊர்ப் பேரங்காடிகளில், பனிக்கட்டியின் மேல் ஆரஞ்சு நிறத் துண்டுகளாக அடுக்கி வைத்து, விலையைப் பார்த்தால் நெஞ்சு பதறும்படி விற்கிறார்களே, அந்த மீனின் இனம்தான்.

சால்மனின் வாழ்க்கை விசித்திரமானது. மலையோரத்து ஓடையில், கூழாங்கற்களுக்கு இடையில் முட்டையிலிருந்து வெளிவரும். விரல் நீளக் குஞ்சானதும் ஆற்றோடு கீழே இறங்கிக் கடலுக்குப் போகும். கடலில் சில ஆண்டுகள் தின்று கொழுத்துப் பெரிதாகும். பிறகு, தான் பிறந்த ஓடையின் தண்ணீர் வாசனையை அடையாளம் கண்டு, அதே ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு அதே ஓடைக்குத் திரும்பும். முட்டையிடும். பசிபிக் சால்மனில் பெரும்பாலானவை அத்தோடு உயிரை விட்டுவிடும்.

வெள்ளைக்காரர்கள் அந்தப் பக்கம் குடியேறுவதற்கு முன்பு, ஆண்டுக்கு 1 கோடி முதல் 1 கோடியே 60 லட்சம் மீன்கள் வரை இந்த ஆற்றுக்குத் திரும்பி வந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். இன்று திரும்புவது அதில் சிறு பங்குதான். அதிலும் பெரும்பாலானவை பொரிப்பகங்களில் மனிதர் வளர்த்து ஆற்றில் விட்ட மீன்கள். 1992-ஆம் ஆண்டில் ஐடஹோ மாநிலத்து ரெட்பிஷ் ஏரிக்கு ஒரே ஒரு சாக்கை சால்மன் திரும்பி வந்தது. கடலிலிருந்து ஏறக்குறைய 1,450 கிலோமீட்டர் மேலேறி வந்த ஆண் மீன் அது. துணை தேட அங்கே ஒரு பெண் மீன்கூட இல்லை. நிலைமை எந்த அளவுக்குப் போயிருந்தது என்பதற்கு இதைவிட வேறென்ன சொல்ல வேண்டும்?

தாலி போல் ஆறு, பூட்டுப் போல் அணை

மீன் ஏன் குறைந்தது? கடந்த நூற்றாண்டில் மின்சாரத்துக்காகவும் பாசனத்துக்காகவும் கப்பல் போக்குவரத்துக்காகவும் ஆற்றில் அணை கட்டினார்கள். 1938-இல் போனவில் அணை வந்தது. 1942-இல் கிராண்ட் கூலி அணை முடிந்தது. முன்னதில் மீன் ஏறிச்செல்லப் படிக்கட்டு போன்ற வழி வைத்தார்கள். பின்னதில் அதுவும் இல்லை. அதற்கு மேலே இருந்த ஓடைகளுக்கெல்லாம் கதவடைத்ததாயிற்று. இன்று கொலம்பியாவின் பிரதான ஓட்டத்தில் மட்டும் 14 அணைகள் நிற்கின்றன. ரெட்பிஷ் ஏரியில் பிறந்த குஞ்சு கடலைச் சேர 8 அணைகளைத் தாண்ட வேண்டும்.

அணையால் நஷ்டப்பட்டது மீன் மட்டுமா? செலிலோ நீர்வீழ்ச்சி என்று ஓர் இடம். அந்நாட்டுப் பூர்வகுடி மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பாறைமேல் மரப் பலகை போட்டு நின்று, நீண்ட கம்பு கட்டிய வலையால் சால்மன் பிடித்த இடம். அவர்கள் தங்கள் நிலத்தில் பெரும்பகுதியை அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்தபோதும், வழக்கமான இடங்களில் மீன் பிடிக்கும் உரிமை மட்டும் தங்களுக்கே வேண்டுமென்று 1855 ஒப்பந்தங்களில் கேட்டு வாங்கிக்கொண்டவர்கள். 1957 மார்ச் மாதம் டேல்ஸ் அணையின் கதவுகளை இறக்கினார்கள். சில மணி நேரத்தில் நீர்வீழ்ச்சி தண்ணீருக்குள் மூழ்கிப் போயிற்று. உரிமை காகிதத்தில் இருந்தது. மீன் பிடிக்கும் பாறை இல்லை. தோட்டம் துண்டாடப்பட்ட காலத்தில் மூட்டை கட்டிய குடும்பங்களுக்கு இந்த வலியை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, பறவை எங்கே வந்தது என்கிறீர்களா? இதோ வருகிறது.

மணலைக் கொட்டினார்கள்; ஆலா வந்தது

கப்பல் போக ஆற்று முகத்துவாரத்தை ஆழப்படுத்த வேண்டியிருந்தது. அமெரிக்க இராணுவப் பொறியாளர் படைதான் இந்த வேலையைச் செய்யும் இலாகா. தோண்டிய மணலை ஆற்றின் நடுவிலேயே கொட்டினார்கள். அப்படிச் சேர்ந்த மணல் மேடுகளில் ஒன்றுக்கு ரைஸ் தீவு என்று பெயர். பெயரில்தான் அரிசி, இருந்தது வெறும் மணல்.

வெறும் மணல் திட்டைத் தேடி அலைகிற பறவை ஒன்று உண்டு. அதுதான் காஸ்பியன் ஆலா. ஆலாக்களிலேயே பெரியது. வெள்ளை உடம்பு, கறுப்புத் தொப்பி, மிளகாய்ப் பழம் போல் சிவந்த அலகு. புல் பூண்டு இல்லாத மணலில்தான் முட்டையிடும். 1980-களின் நடுவில் அவை ரைஸ் தீவைக் கண்டுகொண்டன. 1998-இல் ஏறத்தாழ 8,700 ஜோடிகள் அங்கே கூடு வைத்திருந்தன. உலகத்திலேயே அந்த இனத்தின் மிகப் பெரிய குடியிருப்பு அதுதான் என்று சொன்னார்கள்.

அந்தத் தீவைச் சுற்றியிருப்பது ஆற்றுத் தண்ணீர். கடல் மீன் அங்கே அதிகம் ஏறுவதில்லை. ஆகவே ஆலாவின் அலகில் அகப்பட்டது கடலுக்கு இறங்கிவரும் சால்மன் குஞ்சுகளே. 1998-இல் மட்டும் அவை தின்ற குஞ்சுகள் சுமார் 1 கோடியே 20 லட்சம் என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். முகத்துவாரம் வரை தப்பி வந்த குஞ்சுகளில் பத்தில் ஒன்றுக்கும் மேலே!

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதும் சுவையான செய்தி. பொரிப்பகங்களிலும் அணைகளிலும் பல லட்சம் குஞ்சுகளின் வயிற்றுக்குள் நெல்மணி போன்ற சின்னஞ்சிறு மின் அடையாளத்தை வைத்து ஆற்றில் விடுகிறார்கள். பறவை மீனைத் தின்றால் அது எச்சத்தோடு கூட்டருகே விழுந்துவிடும். பறவைகள் கூட்டைக் காலி செய்துவிட்டுப் போன பிறகு, கருவியைக் கொண்டு மணல் முழுவதும் தடவிப் பார்ப்பார்கள். எந்த ஓடையில் பிறந்த மீன், எந்த நாளில் விட்ட மீன் என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

சுடாமல் நகர்த்தினார்கள்

மீனைக் காப்பாற்றச் சட்டம் இருக்கிறது. பறவையைக் காப்பாற்றவும் 1918-ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட அதிகாரிகள் ஒரு நல்ல யோசனை செய்தார்கள். பறவையைக் கொல்ல வேண்டாம். அதன் சாப்பாட்டை மாற்றுவோம் என்றார்கள்.

ரைஸ் தீவிலிருந்து கடலை நோக்கிச் சுமார் 25 கிலோமீட்டர் போனால் ஈஸ்ட் சாண்ட் என்று இன்னொரு தீவு இருக்கிறது. அங்கே உப்புத் தண்ணீர் வந்து கலக்கிறது. நெத்திலி இனமும் மத்தி இனமும் தாராளமாகக் கிடைக்கும். அந்தத் தீவில் ஒரு பகுதியைச் செடி கொடி இல்லாமல் சுத்தம் செய்து மணலாக்கினார்கள். ஆலாவைப் போலவே பொம்மைகள் செய்து நிறுத்தினார்கள். ஆலாக் கூட்டத்தின் சத்தத்தைப் பதிவு செய்து ஒலிபெருக்கியில் போட்டார்கள். அதே சமயம் ரைஸ் தீவில் செடி வளரவிட்டும் வேலி கட்டியும் மணலை மறைத்தார்கள். 1999-இல் தொடங்கிய வேலை 2001-க்குள் முடிந்தது. ஆலாக்கள் மொத்தமும் குடிமாறிவிட்டன.

பலன்? ரைஸ் தீவில் ஆலா தின்ற மீனில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் சால்மன். ஈஸ்ட் சாண்ட் தீவில் அது பாதிக்கும் கீழே இறங்கியது. 2001-இல் ஆலாக்கள் தின்ற சால்மன் குஞ்சுகளின் எண்ணிக்கை 1998-இல் இருந்ததில் ஏறக்குறைய பாதி. ஆலாமீது ஒரு துப்பாக்கிக் குண்டுகூடச் செலவாகவில்லை. பறவையும் பிழைத்தது, மீனும் பிழைத்தது.

அதற்காக எல்லாரும் கைதட்டினார்கள் என்று நினைக்காதீர்கள். இத்தனை பறவைகளை ஒரே தீவில் கொண்டுபோய் வைத்தால் ஒரு நோயோ புயலோ வந்தால் என்ன ஆகும் என்று கேட்டுப் பறவைப் பாதுகாப்புச் சங்கங்கள் 2000-இல் வழக்குப் போட்டன. சமரசத்துக்குப் பின் 2008 முதல் ஓரிகனின் உள்நாட்டு ஏரிகளிலும் வேறு இடங்களிலும் ஆலாவுக்காகச் சின்னச் சின்னத் தீவுகள் அமைக்கப்பட்டன. ஈஸ்ட் சாண்டில் இருந்த மணல் பரப்பை வரவரக் குறைத்தார்கள்.

அடுத்த விருந்தாளி

ஆலா விவகாரம் இப்படி இருக்க, அதே ஈஸ்ட் சாண்ட் தீவின் மறுமுனையில் இன்னொரு கூட்டம் பெருகிக்கொண்டிருந்தது. நீர்க்காகம்! கறுப்பு உடம்பும் கொக்கி அலகுமாய், முங்கி முங்கி மீன் பிடித்துவிட்டுச் சிறகை விரித்துக் காயவைக்கும் பறவை. 1989-இல் 100 ஜோடிக்கும் குறைவாக இருந்தவை 2013-இல் சுமார் 15,000 ஜோடிகளாகிவிட்டன. ஆண்டுக்குச் சராசரி 1 கோடிக்கு மேல் சால்மன் குஞ்சுகளைத் தின்றன.

இம்முறை அதிகாரிகள் துப்பாக்கியை எடுத்தார்கள். ஏறத்தாழ 11,000 பறவைகளைச் சுட்டு, பல ஆயிரம் கூடுகளில் முட்டைமேல் சோள எண்ணெய் தெளித்து, 2018-க்குள் எண்ணிக்கையை 5,600 ஜோடியாகக் குறைப்பது திட்டம். எண்ணெய் பட்ட முட்டைக்குள் காற்று போகாது, குஞ்சு செத்துவிடும். ஓடு மட்டும் உடையாமல் முழுசாகவே இருக்கும். தாய்ப் பறவை, இன்று பொரிக்கும் நாளை பொரிக்கும் என்று அடைகாத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும். படிக்கிற தாய்மார்களுக்கு மனது என்னவோ செய்யும். எனக்கும்தான்.

2015-இல் சுடத் தொடங்கினார்கள். திட்டம் நிற்பதற்குள் 5,500-க்கு மேற்பட்ட பறவைகள் செத்தன. 2016 மே மாதம் யாரும் எதிர்பாராதது நடந்தது. 16,000-க்கு மேற்பட்ட நீர்க்காகங்கள் முட்டைகளை அப்படியே போட்டுவிட்டுத் தீவை விட்டே கிளம்பிவிட்டன. துப்பாக்கிச் சத்தமா, வெண்தலைக் கழுகுகளின் தொல்லையா, இரண்டுமா என்று இன்னும் வாதம் நடக்கிறது. கிளம்பியவை எங்கே போயின என்பதில்தான் வேடிக்கையே இருக்கிறது.

ஆற்றின் மேற்பக்கம், அஸ்டோரியா நகரத்தருகே 1966-இல் திறந்த பெரிய இரும்புப் பாலம் இருக்கிறது. நீளம் ஆறரைக் கிலோமீட்டர். அடுத்த சில ஆண்டுகளில் அந்தப் பாலத்தின் இரும்புச் சட்டங்களில் ஆயிரக்கணக்கான நீர்க்காகங்கள் கூடு கட்டிவிட்டன. அங்கே கடல் மீன் குறைவு. சால்மன் குஞ்சு அதிகம். ஆகவே தீவில் இருந்தபோது தின்றதைவிட ஒவ்வொரு பறவையும் இப்போது கூடுதலாகவே சால்மன் தின்கிறது. போதாக்குறைக்கு எச்சம் விழுந்து பாலத்துக்கும் கேடு. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவன் கதை என்பார்களே, அந்த மாதிரி.

பாருங்கள், ஒரே தீவு, ஒரே இலாகா. ஆலாவை நகர்த்தியபோது அது எங்கே போக வேண்டும் என்று இடம் தயார் செய்துவிட்டு நகர்த்தினார்கள். நீர்க்காகத்தை விரட்டியபோது அது எங்கே போகும் என்பதற்கு ஏற்பாடு செய்யவில்லை. ஓர் உயிரை ஓரிடத்திலிருந்து விரட்டினால் அது மறைந்து போவதில்லை. வயிற்றையும் கூடவே எடுத்துக்கொண்டுதான் போகும்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. பறவை தின்ற குஞ்சுகள் எல்லாம், அது தின்னாமல் விட்டிருந்தால் பெரிய மீனாகித் திரும்பியிருக்குமா? அப்படிச் சொல்ல முடியாது. நோயுற்றது, களைத்தது, நீந்த மாட்டாதது எல்லாம் அதில் சேர்த்தி. இன்று பறவைக்குத் தப்பினாலும் நாளைக்குக் கடலில் வேறொன்றின் வாயில் விழும். நீர்க்காகத்தைச் சுடுவதால் ஒரு வகைச் சால்மன் இனத்துக்குப் பெரிய நன்மை இராது என்று அமெரிக்க அரசின் மீன், வனவிலங்கு இலாகாவிலேயே ஓர் ஆய்வுக் குறிப்பு இருந்தது. அது 2015-இல் வெளியே வந்தபோது பெரிய சர்ச்சை ஆயிற்று. வழக்கை விசாரித்த நீதிமன்றம் 2016-இல் தீர்ப்புச் சொன்னது. பறவையைச் சுடுவதற்குப் பதிலாக, அணைகளை இயக்கும் முறையை மாற்றிப் பார்க்கலாமா என்று அதிகாரிகள் ஆராயாமல் விட்டது சட்டப்படி தவறு என்றது. ஆனாலும் சால்மனின் நிலைமையைக் கருதி, சுடுவதை நிறுத்தச் சொல்லவில்லை.

பறவையின் பக்கம் தவறே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு கோடிக் குஞ்சு என்பது விளையாட்டா? மீனை நம்பிப் பிழைக்கும் பூர்வகுடிக் குடும்பமும் படகுக்காரனும் வயிறு எரியத்தான் செய்வார்கள். அவர்கள் கண்ணுக்கு முன்னால், அலகில் மீனோடு பறப்பது பறவைதான். அணை மீன் பிடித்துப் பறப்பதை யார் பார்த்திருக்கிறார்கள்?

ஆனால் யோசித்துப் பாருங்கள். ஓடுகிற ஆற்றை அணை போட்டுக் குளமாக்கி, குஞ்சுகள் கடலுக்குப் போகும் பயணத்தைத் தாமதமாக்கியவர் யார்? குறைந்த மீனுக்கு ஈடுகட்ட ஆண்டுதோறும் பத்துக் கோடிக்கு மேல் பொரிப்பகக் குஞ்சுகளை ஆற்றில் கொட்டுகிறவர் யார்? அவை போகிற வழியில் மணல் மேடு போட்டுப் பறவைக்குப் பாய் விரித்தவர் யார்? வாழையிலை போட்டு, சோறு வைத்து, குழம்பும் ஊற்றிவிட்டு, வந்து உட்கார்ந்த விருந்தாளியைத் திருடன் என்றால் அது நியாயமா?

அதே நாட்டில் கிளாமத் என்று வேறோர் ஆறு. அங்கே பூர்வகுடி மக்கள் பல ஆண்டுகள் போராடியதன் பேரில் நான்கு அணைகளை 2024-க்குள் இடித்து அகற்றினார்கள். அந்த ஆண்டு அக்டோபரிலேயே சால்மன் மீன்கள், நூறாண்டுக்கு மேல் எட்டிப் பார்க்க முடியாமல் இருந்த மேல் ஆற்றுக்கு ஏறிப் போய்விட்டன. எல்லா அணையையும் இடித்துவிட முடியாது. விளக்கெரியவும் வயல் விளையவும் அணை வேண்டியிருக்கிறது. ஆனால் கதவு திறந்தால் மீன் தானே வீட்டுக்கு வரும் என்பதைக் கிளாமத் காட்டிவிட்டது.

நம் வீட்டுக் குளத்துக்கு

நம் செம்பனைத் தோட்டங்களில் எலித் தொல்லையைத் தீர்க்க, கம்பத்தின்மேல் பெட்டி வைத்துக் கூகையைக் குடிவைக்கிறார்களே, அதுவும் பறவையை ஆளும் வித்தைதான். இரையும் கூடும் எங்கே இருக்கிறதோ அங்கே பறவை வரும். வரவழைக்கவும் அதே வழி. வராமல் தடுக்கவும் அதே வழி.

திலாப்பியாவோ கெளுத்தியோ வளர்க்கும் குடும்பங்கள் இதைக் கவனிக்கலாம். கொக்கு ஆழமில்லாத ஓரத்தில் நின்றுதான் மீன் பிடிக்கும். குளத்தின் கரையைச் சரிவாக விடாமல் செங்குத்தாக வெட்டி, ஓரத்திலேயே ஆழம் இருக்கும்படி செய்யுங்கள். குளத்துக்கு மேல் குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டுங்கள். கொலம்பியா அணைகளுக்குக் கீழேயும் கடற்காகங்கள் இறங்காதபடி இப்படித்தான் கம்பி கட்டியிருக்கிறார்கள். குஞ்சு விட்ட புதிதில் வலையால் மூடுவது இன்னும் நல்லது. வலை தொய்யாமல் இழுத்துக் கட்டினால் பறவை சிக்கிச் சாகாது. தண்ணீருக்குள் பழைய குழாய்த் துண்டுகளைப் போட்டு வைத்தால் மீன் ஒளிந்துகொள்ள இடம் கிடைக்கும். செத்த மீனையும் குடலையும் கரையில் எறியாதீர்கள். அதுதான் பறவைக்கு நீங்கள் அனுப்பும் அழைப்பிதழ். துப்பாக்கியையும் விஷத்தையும் நினைக்கவே வேண்டாம். பல நீர்ப்பறவைகள் நம் நாட்டு 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருக்கின்றன.

அடுத்த முறை குளத்து ஓரத்தில் கொக்கு நிற்கக் கண்டால் கல்லை எடுக்காதீர்கள். பிள்ளைகளைக் கூப்பிட்டு, "இது ஏன் இங்கே வந்தது, சொல்லு பார்ப்போம்" என்று கேளுங்கள். காரணம் தெரிந்துவிட்டால் கல்லுக்கு வேலை இராது.